பராமரிப்பவரையும் விசாரித்த சேவைகள்: அனுபவப் பகிர்வு

தாயைக் கவனித்துவரும் மகள்:

முதியோருக்கான ஆதரவுச் சேவைகள் என்றாலே, முதியவருக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் பேசுகிறோம். அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் சேர்த்து இங்கே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு மறதிநோய் என்பது உறுதியான பிறகு, சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குச் சென்றுவருவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, தானே உண்பது ஆகிய ஆறையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்த ஆறும், அன்றாடச் செயல்களை ஒருவரால் தானே செய்துகொள்ள முடிகிறதா என்று பார்க்க 1963இல் வெளியான காட்ஸ் அளவுகோலில் உள்ளவை. இன்றும் பல இடங்களில் முதல் மதிப்பீடு இதிலிருந்துதான் தொடங்குகிறது. விருந்தினர் முன்னால் அம்மா எப்போதும் மிடுக்காக இருப்பார். எல்லாக் கேள்விக்கும் “நானே செய்துகொள்கிறேன்” என்றுதான் பதில் சொன்னார். பணியாளர் மறுத்துப் பேசவில்லை. நாற்காலியில் கிடந்த மேல்சட்டையை எடுத்துக் கொடுத்து, போட்டுக் காட்டச் சொன்னார். அம்மா ஒரு கையை நுழைத்துவிட்டார். மற்றொரு கையைத் தேடி, சட்டையின் கழுத்துப் பகுதிக்குள் விரல்களை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். பணியாளர் சட்டென்று உதவிக்கு வராமல் சற்றுப் பொறுத்திருந்து, பிறகு கைப்பகுதியை விரித்துப் பிடித்தார். அம்மா தானாகவே போட்டுக்கொண்டார். எதைச் செய்துகொடுக்க வேண்டும், எதற்கு உடன் நின்றாலே போதும் என்பதை அங்கேதான் புரிந்துகொண்டேன்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். கையில் இன்னொரு படிவம் இருந்தது. பராமரிப்பவரின் சுமையை அளக்க, ஸாரிட் என்பவரின் பெயரால் வழங்கும் 22 கேள்விகள் கொண்ட படிவம் அது; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். எனக்கென்று நேரம் இருக்கிறதா, அம்மாவின் அருகில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்றெல்லாம் கேட்டார். உறவினர்கள் அதுவரை அம்மாவின் உடல்நலத்தை மட்டுமே விசாரித்திருந்ததால், அந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைச் சொல்லவே எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வாரத்தில் சில நாட்கள் பகல் பராமரிப்பு மையத்துக்கும், பராமரிப்பவர் ஓய்வெடுக்கும்படி சிறிது காலம் வேறொருவர் பார்த்துக்கொள்ளும் இடைக்கால ஓய்வுப் பராமரிப்புக்கு அவ்வப்போதும் அவர் பரிந்துரைத்ததற்கு, அம்மாவின் நிலையோடு என் பதில்களும் காரணம் என்றே நினைக்கிறேன்.

மனைவியைக் கவனித்துவரும் கணவர்:

என் மனைவிக்குப் பக்கவாதத்தால் இடப்பக்கம் தளர்ந்துவிட்டது. எங்களுக்குப் பல சேவைகள் கிடைத்தன. அவற்றில் மிகவும் பயன்பட்டது எதுவென்று கேட்டால், அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்சி தரும் செயல்முறைச் சிகிச்சையாளர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு பயிற்சியைத்தான் சொல்வேன். அதுவரை நான் அவளுடைய இரு கைகளையும் பிடித்து இழுத்துத்தான் எழுப்பிவந்தேன். தளர்ந்த பக்கத்துத் தோள்மூட்டு எளிதில் விலகிவிடும் என்பதால் அப்படி இழுக்கவே கூடாது என்று அவர் விளக்கினார். சக்கர நாற்காலியை அவளுடைய வலுவான பக்கத்தில் கட்டிலை ஒட்டிச் சாய்வாக நிறுத்தி, தடையைப் பூட்டி, கால் தாங்கிகளை ஒதுக்கிவிட வேண்டும். அவளைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தி, இரு பாதங்களையும் தரையில் ஊன்றச் செய்து, முன்னோக்கிச் சாயச் சொல்ல வேண்டும். இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்தபடி, நான் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி நின்று, அவள் எழும் வேகத்தோடு சேர்ந்து எழ வேண்டும். அவர் முதலில் என்னைக் கட்டிலில் உட்காரவைத்துத் தூக்கிக் காட்டினார். தூக்கப்படுபவருக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் முதுகுவலி குறைந்தது. அவளும் எழுந்திருக்க மறுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

தந்தையைக் கவனித்துவரும் மகன்:

மேலே எழுதியவர்களுக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்கு வீட்டுப் பணியாளர்களை அனுப்பிய நிறுவனம் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் புதிய முகம் குளிக்க அழைத்தால், மறதிநோய் உள்ளவர் அதை அத்துமீறலாகத்தான் எடுத்துக்கொள்வார். அப்பா கத்தினார், பணியாளரோ “ஒத்துழைக்க மறுத்தார்” என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போய்விட்டார். ஓய்வுக்காக அமர்த்திய சேவைக்குக் காவலாக நானே வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. எழுத்துமூலம் முறையிட்ட பிறகு, ஒரே ஆளை, ஒரே நேரத்தில் அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். அப்பாவின் பழக்கங்களை ஒரு பக்கத்தில் எழுதி, குளியலறைக் கதவின் உட்புறம் ஒட்டினேன்: முகத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, முதலில் பாதத்தை நனைக்க வேண்டும், துண்டைத் தோளில் போர்த்தியபடியே குளிப்பாட்ட வேண்டும். ஆள் மாறாமல் இருந்ததும் இந்தத் தாளும் சேர்ந்தே நிலைமையை மாற்றின.

பகல் பராமரிப்பு மையத்தில் பணியாற்றுபவர்:

மேலே சொன்னதுபோன்ற ஒரு பக்கக் குறிப்பைக் குடும்பத்தினர் கொடுத்தால் எங்கள் வேலை பாதியாகிவிடும். முதியவர் ஒருவர் மாலையானதும் வாசலுக்குப் போய்க் கதவைத் திறக்க முயல்வது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த நேரத்தில் அவர் முன்பெல்லாம் வேலை முடிந்து வீடு திரும்புவார் என்பதை அவருடைய மகள் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். அதன்பின் அந்த நேரத்தில் அவரைக் கணக்குப் புத்தகத்தை முடித்துவைக்கச் சொல்லி, விளக்குகளையும் முன்கூட்டியே ஏற்றிவிடுகிறோம்.

மையத்தில் நாங்கள் கவனமாகப் பார்ப்பது இன்னொன்றும் உண்டு. எப்போதும்போல் இருந்துவந்தவர் ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினாலோ, பகலில் அளவுக்கு மீறித் தூங்கினாலோ, மறதிநோய் முற்றிவிட்டது என்று நாங்கள் முடிவுகட்டுவதில்லை. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து என எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்வோம். தினமும் அருகிலேயே இருப்பவருக்குச் சோர்வில் தவறிப்போகும் மாற்றம், வாரத்தில் சில நாட்களே பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடுவதுண்டு.

உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவர்களில் பலர் “மிகவும் சிரமமாக இருக்கிறது” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரவில் எத்தனை முறை எழ வேண்டியிருக்கிறது, கடைசியாக எப்போது, எங்கே விழுந்தார், உங்களுக்கே ஏதேனும் சிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறதா என்று சொன்னால், எந்தச் சேவை முதலில் வேண்டும் என்பதை எங்களால் அந்த அழைப்பிலேயே தீர்மானிக்க முடியும்.

தாயைக் கவனித்துவரும் மகள்:

பராமரிப்பவர்கள் கூடும் குழுக்களைப் பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். நெதர்லாந்தின் லைடன் நகரில் 1997இல் தொடங்கிய ஆல்சைமர் கஃபே (ஆல்சைமர் என்பது மறதிநோயின் ஒரு வகை) என்ற முறையில், நோயாளியும் குடும்பத்தினரும் நிபுணர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பிறகு அது பல நாடுகளுக்கும் பரவியது. நான் செல்லும் குழு அதைவிட எளிமையானது. அறிவுரை சொல்ல விரும்புபவர் முதலில் அனுமதி கேட்க வேண்டும் என்பது அங்குள்ள ஒரே விதி. அம்மாவைப் பகல் மையத்தில் விட்டுவிட்டு நேராக அங்கே போக முடிவதால், இரண்டுக்கும் ஒரே நாளைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன். மற்றவர்களும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம்.