நிறுத்தி வைத்த வண்டிக்குள் எலி: அவரவர் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்தியிருந்த காரை வெளியே எடுக்கப் போனேன். ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் சாவியைப் போடும் முன் போனெட்டைத் திறந்து பார்த்துவிடுவேன். இந்த முறை இன்ஜினைக் காப்பாற்றியதே அந்தப் பழக்கம்தான்.

பேட்டரிக்கும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவில் ஒரு கைப்பிடி பஞ்சு. போனெட்டின் அடியில் சத்தம் குறைய ஒட்டியிருப்பார்களே, அந்தத் தட்டியிலிருந்து பிய்த்தது. ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் உள்ளே முழுசாக ஒரு கூடு. சீட்டு ஸ்பான்ஞ்சுத் துணுக்கு, டிஷ்யூ பேப்பர், எங்கிருந்தோ உருவிய நூல் எல்லாம் வட்டமாக அமுக்கி வைத்திருந்தது. ஃபில்டர் தாளின் மடிப்புகளில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை, அதன் விளிம்பு முழுக்கப் பல் பட்ட பிசிறு. அப்படியே ஸ்டார்ட் செய்திருந்தால் அந்தப் பஞ்சும் புழுக்கையும் நேராக இன்ஜினுக்குள் போயிருக்கும்.

வயரிங் இன்னும் மோசம். இன்ஜெக்டருக்குப் போகும் வயர்களில் பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டில் மேலுறை உரிந்து செம்பு தெரிந்தது. இரண்டும் தொட்டால் ஷார்ட், அதற்கு மேல் தீ. மெக்கானிக் வரும்வரை பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிப் போட்டேன். இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

வயர் உறையை இப்போது சோயாவிலிருந்து செய்கிறார்கள், அந்த வாசனைக்குத்தான் எலி வருகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இதை வைத்து வழக்கே போட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சோயா பேச்சு வருவதற்கு முன்பும் எலி வயரைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது. அதற்கு முன்பற்கள் ஆயுசு முழுக்க வளரும், எதையாவது கொறித்துத் தேய்த்தே ஆகவேண்டும். வண்டிக்குள் மறைவு இருக்கிறது, மழையும் காற்றும் இல்லை, பூனை கை நீட்ட முடியாது. எலிக்கு இது போதும்.

அதனால் வண்டியைப் பார்த்ததோடு விடாமல் ஷெட்டைப் பார்த்தேன். நல்ல பகலில் உள்ளே போய் ஷட்டரை இறக்கி, லைட்டை அணைத்துவிட்டு, கண் பழகும்வரை நின்றால் போதும். எங்கெல்லாம் வெளிச்சம் கீற்றாக உள்ளே வருகிறதோ அங்கெல்லாம் வழி இருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஷட்டரின் அடி ரப்பர், இரண்டு மூலையிலும். நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது, மூலையில் இறுகிச் சுருண்டு போய், கடித்த தடமும் இருந்தது. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே நுழைந்துவிடும், பென்சிலை விட்டுப் பார்த்துக்கொள்ளலாம். பெரிய எலிக்கு அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் போதும். தண்ணீர்க் குழாயும் கரண்ட் பைப்பும் சுவரைத் துளைத்து வரும் இடங்களையும் குனிந்து பாருங்கள், நம் கண் அந்த உயரத்துக்குப் போவதே இல்லை.

*

அண்ணே, நீங்கள் சொன்ன வெளிச்ச வழி கொட்டகைக்குச் சரிப்படாது. பலகைச் சுவர், கூரை இடுக்கு, எல்லாப் பக்கமும் வெளிச்சம்தான். நாங்கள் தடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். எலிக்குக் கண் மந்தம், மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே ஓடும். தினமும் ஒரே பாதைதான். அந்தப் பாதையில் உடம்பு எண்ணெய் பட்டுப் பட்டுக் கருப்பாக ஒரு பிசுக்குக் கோடு விழுந்திருக்கும். சந்தேகமான இடத்தில் ராத்திரி கொஞ்சம் மாவைத் தூவிவிட்டுப் படுத்தால் காலையில் கால் தடமும் வால் இழுத்த கோடும் தெளிவாக இருக்கும். வழி எதுவென்று அந்தத் தடம் சொல்லிவிடும்.

எங்கள் தொல்லை டிராக்டரோடும் அறுவடை எந்திரத்தோடும். அறுவடை முடிந்ததும் எந்திரத்தை அப்படியே உள்ளே தள்ளி நிறுத்திவிடுவது பல இடங்களில் வழக்கம். அதன் வயிற்றுக்குள் சல்லடை, தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டர், தொட்டி மூலை என்று தானியம் தங்கிக்கொண்டே இருக்கும். ஒரு எலி ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுதான் தின்னும், சுண்டெலிக்கு 3 கிராம் போதும். அப்படியென்றால் மூலையில் ஒட்டிக்கிடக்கும் தானியத்திலேயே ஒரு சுண்டெலிக் குடும்பம் வெகுநாள் ஓட்டிவிடும். அதற்குள் குட்டி போட்டுவிடும். சுண்டெலி சினைப்பட்டு மூன்று வாரத்தில் ஈனும், அந்தக் குட்டிகள் ஆறேழு வாரத்தில் தாமே குட்டி போடத் தயார். இப்போது நாங்கள் காற்று அடித்து, தட்டி, மூடிகளையெல்லாம் திறந்து காலியாக்கிய பிறகுதான் எந்திரத்தை உள்ளே விடுகிறோம். ஒரு நாள் வேலை முழுசாகப் போகிறது, ஆனாலும் போகட்டும்.

கொட்டகையை முழுசாக அடைக்க முடியாது என்று தெரிந்ததும் தீவனத்தையும் விதையையும் மட்டும் தகர டிரம்முக்கு மாற்றினோம். பிளாஸ்டிக் டிரம் ஆகவே ஆகாது, மூடி விளிம்பில் ஒரே ராத்திரியில் வாசல் வைத்துவிடும். வைக்கோலைச் சுவரை ஒட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டோம். சுவருக்கும் கட்டுக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி இருந்தால் எலிக்கு மறைவு கிடையாது, நமக்கும் போய்ப் பார்க்க வசதி. வெளியே சுவரைச் சுற்றி இரண்டு முழத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் ஜல்லி கொட்டினோம். வளை தோண்டும் இடத்தில் 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பி வலையைச் சுவரோடு மண்ணுக்குள் இறக்கி, அடியில் ஒரு அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாக மடித்துப் புதைத்தோம். எலி சுவரோரமாகத் தோண்டி வலையில் முட்டும், பின்வாங்கித் தள்ளிப்போய்த் தோண்டத் தெரியாது.

இந்த யோசனையெல்லாம் புதிதில்லை. இங்கிலாந்தில் பழைய தானியக் களஞ்சியங்களைக் காளான் வடிவக் கல் தூண்களின் மேல் நிறுத்தினார்கள். பிலிப்பைன்ஸ் மலைகளில் இஃபுகாவ் மக்கள் வீட்டுத் தூண்களில் வட்டமான மரத் தட்டு மாட்டுவார்கள். தூணில் ஏறுகிற எலி அந்தத் தட்டைத் தாண்ட முடியாமல் இறங்கிவிடும். விஷம், பொறி எதுவும் இல்லாமல் வழியை மட்டும் மறித்த ஆட்கள் அவர்கள்.

*

நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கிற அல்ட்ராசோனிக் கருவியை யாராவது வாங்க நினைத்தால் கொஞ்சம் நிறுத்துங்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-லேயே இந்தக் கருவிகளைச் செய்கிற, விற்கிற 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. விளம்பரத்தில் சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் காட்டுங்கள் என்பதுதான் விஷயம். அந்த ஒலி பொருளைத் துளைத்துப் போகாது, ஒரு அட்டைப் பெட்டி மறைத்தாலே நின்றுவிடும். எலியும் சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

புதினா எண்ணெய் வாசனை இருக்கும்வரை ஏதோ. நாஃப்தலின் உருண்டையை வண்டிக்குள் போடவே போடாதீர்கள். அந்த ஆவி சீட்டுத் துணியில் ஏறி மாதக்கணக்கில் போகாது, அதைச் சுவாசிப்பது ரத்தத்துக்குக் கேடு, குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து.

டேப் விஷயம் வேறு. ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் கலந்த டேப்பை வயருக்கென்றே விற்கிறது. பழுது பார்த்த இடத்தில் அதைச் சுற்றிவிட்டேன், அதே இடத்தை மறுபடி கடிக்கவில்லை. சுற்றும்போது கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள்.

*

முதல் பதிவு போட்ட அண்ணனுக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டை எப்படி எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன், இந்த ஒரு விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியாது.

காய்ந்த புழுக்கையையும் கூட்டையும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வாக்குவம் போடாதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். 1993-ல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத்திணறி அடுத்தடுத்து இறந்தார்கள். காட்டுச் சுண்டெலி ஒன்றின் மூத்திரம், புழுக்கை வழியாக வந்த ஹான்டா வைரஸ் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். காய்ந்த கழிவு தூசியாகி மூச்சில் ஏறினால் போதும். எல்லா ஊர் எலியிடமும் அந்த வைரஸ் இருக்காது என்பது உண்மை. ஆனால் எலிக்காய்ச்சல் கிருமி உலகம் முழுக்க எலி மூத்திரத்தில் உண்டு, ஈரமான இடத்தில் நம் கை கால் சிராய்ப்பு வழியாக உள்ளே போய்விடும்.

முறை எளிதுதான். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். ரப்பர் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கூடும் புழுக்கையும் நன்றாக நனையும்படி தெளித்து ஐந்து நிமிஷம் ஊறவிடுங்கள். பேப்பர் துண்டால் வழித்துப் பையில் போட்டுக் கட்டி, இன்னொரு பைக்குள் போடுங்கள். வண்டிக்குள் வயர் இணைப்புகள் பக்கம் பிளீச் படக்கூடாது, உலோகத்தை அரித்துவிடும். அங்கே பேட்டரியைக் கழற்றிவிட்டு, வேறு கிருமிநாசினியில் நனைத்த துணியால் துடையுங்கள். ஏசி ஃபில்டரைக் கழுவிப் பயன்படுத்த நினைக்காதீர்கள், புதிது போடுங்கள். அந்தக் காற்றைத்தான் குடும்பமே சுவாசிக்கிறது.

வேலை முடிந்து அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கடுமையான உடம்பு வலியும் வந்தால் டாக்டரிடம் எலிக் கழிவைச் சுத்தம் செய்ததை நீங்களே சொல்லுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

*

முதல் பதிவு போட்டவன்தான் மறுபடி எழுதுகிறேன். மருத்துவமனை அக்கா சொன்னதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். கையுறையும் முகக்கவசமும் போட்டுத்தான் எடுத்தேன், ஊற வைக்கிற முறை எனக்குப் புதிது.

ஷெட்டின் ஓட்டைகளை எப்படி அடைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபோம் மட்டும் அடித்தால் எலி அதைக் கடித்து வழி பண்ணிவிடும். முதலில் செம்புக் கம்பிச் சுருளைத் திணித்து, அதற்கு மேல் சிமெண்ட் பூசினேன். இரும்புச் சுருளும் ஆகும், ஆனால் ஈரத்தில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். ஷட்டருக்கு அடியில் அலுமினியப் பட்டை வைத்த புது ரப்பர்.

அடைத்த பிறகு உள்ளே மாட்டிக்கொண்டவை இருக்கும், அவற்றுக்குப் பொறி வேண்டும். பொறியைச் சுவருக்குக் குறுக்காக, தீனி வைக்கும் பக்கம் சுவரை ஒட்டி வையுங்கள். சுண்டெலி புதுப் பொருளைக் கண்டால் தேடி வரும், பெரிய எலி பயந்து ஒதுங்கும். அதற்குச் சில நாள் பொறியை இழுத்து மாட்டாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்க வேண்டும். தீனியைவிடப் பஞ்சு நூலைக் கட்டினால் சில சமயம் நன்றாக மாட்டுகிறது, கூடு கட்ட இழுக்கும்.

விஷம் வைக்கவில்லை. ரத்தம் உறையாமல் செய்கிற விஷம் தின்ற எலி உடனே சாகாது. நாள்கள் கழித்து, நம் கை போகாத டேஷ்போர்டு உள்ளேயோ சுவர் இடுக்கிலோ செத்து நாறும். அதைத் தின்னும் நாய்க்கும் பூனைக்கும் ஆபத்து.

வண்டியை நிறுத்தும்போது டிஷ்யூ பெட்டியிலிருந்து பிஸ்கட் துகள் வரை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து அணைக்கிறேன். பல கார்களில் அப்போது வெளிக்காற்று வாய் மூடிக்கொள்ளும். சைலன்சர் வாயைக் கம்பி வலையால் மூடி, அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, ஸ்டீயரிங்கிலும் ஒரு சீட்டு எழுதிக் கட்டி வைக்கிறேன், வலையை எடுக்காமல் ஸ்டார்ட் செய்துவிடக்கூடாது. ஷெட் பூட்டியிருப்பதால் போனெட்டைத் திறந்தே விடுகிறேன். இருட்டும் மறைவும் போய்விட்டால் எலிக்கு அங்கே இருக்கப் பிடிக்காது.

*

கொட்டகைக்காரர்களுக்கு ஒரு சேர்க்கை, எலி பிடிக்கிற கூகை ஆந்தை. இஸ்ரேலில் ஸ்தே எலியாஹு என்ற கூட்டுப்பண்ணையில் 1983-ல் கூகை கூடு வைக்கப் பெட்டி மாட்டத் தொடங்கி, அது வயல் வயலாகப் பரவியது. எங்கள் கொட்டகையிலும் ஒரு ஜோடி தங்கியிருக்கிறது. செரிக்காத மயிரையும் எலும்பையும் கூகை உருண்டையாகக் கக்கும், கீழே விழும் அந்த உருண்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரித்துப் பார்த்தேன். மயிருக்குள் மண்டையோடுகள், ஆரஞ்சு நிற முன்பற்களோடு. எலியைத்தான் தின்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கூகை வந்தால் எலியே இருக்காது என்று எதிர்பார்க்காதீர்கள், அடைக்கிற வேலை அப்படியேதான் இருக்கும். பெட்டியைத் தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேலே மாட்டுங்கள். நுழைவாயிலின் கீழ் விளிம்பிலிருந்து பெட்டியின் தரை 45 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் குஞ்சு எட்டிப் பார்த்து விழுந்துவிடும். பக்கத்தில் யாராவது எலி விஷம் வைக்கிறார்கள் என்றால் முதலில் அவர்களிடம் பேசுங்கள், விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். டிராக்டர் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே மட்டும் மாட்டாதீர்கள், எச்சம் பட்டால் பெயின்ட் போய்விடும்.