ஆமோஸ் 5:18–27 அசைன்மென்ட்: எப்படித் தொடங்க?

பாளை மாணவி:
பி.டி. (இறையியல் பட்டம்) படிக்கேன். பைபிள்ல ஆமோஸ் தீர்க்கதரிசி புஸ்தகம் 5:18–27க்கு 1500 வார்த்தையில விளக்கவுரை எழுதணும். தீர்க்கதரிசனம்னா பின்னால நடக்கப்போறதைச் சொல்றதுன்னு எழுதினா மார்க் கிடைக்காதாம். அப்போ எங்கிருந்து பிடிக்க?

தேரிக்காடு:
காலத்துல இருந்து பிடிங்க தங்கச்சி. 1:1ல உசியா, யெரொபெயாம்னு ரெண்டு ராஜாக்களும் இருக்காங்க. இது இரண்டாம் யெரொபெயாம், கி.மு. 760ஐ ஒட்டி. வடநாடான இஸ்ரவேல் செழிப்பா இருந்த நேரம். அதோட தலைநகர் சமாரியா அசீரியர் கையில விழுந்தது பின்னால, 722ல. அதனாலதான் 5:27 ‘தமஸ்குவுக்கு அப்பால்’னு மட்டும் நிறுத்துது, அசீரியா பேரே வரல. ஆமோஸோட ஊர் தெக்கோவா, தென்னாடான யூதாவுல இருக்கு. ஆள் போய்ப் பேசினது வடநாட்டுப் பெத்தேல்ல. அதோட விளைவு, அங்குள்ள ஆசாரியன் அவரைப் போகச் சொன்னது, 7:10–13ல. அறிமுகம் 250 வார்த்தைக்குள்ள முடியணும். பலபேர் சரித்திரத்திலேயே பாதித் தாளைத் தீர்த்துடுதாங்க.

மேலப்பாளையம் வாசகர்:
அண்ணாச்சி சொன்னதுக்கு அப்புறம் பகுதியைப் பிரிக்கணும். 18–20 ‘ஐயோ’ன்னு தொடங்குற கண்டனம்: கர்த்தருடைய நாள் வெற்றி நாள்னு ஜனங்க காத்திருக்காங்க, ஆமோஸ் அதை இருட்டுங்கார். 21ல குரல் மாறுது, கடவுளே ‘நான்’னு பேசுதார். பண்டிகை, பலி, பாட்டு எல்லாத்தையும் வரிசையாத் தள்ளுதார். இங்கதான் சறுக்கும். ஆராதனையே வேண்டாம்னார்னு முடிச்சிடாதீங்க; 5:10–12ஐச் சேர்த்து வாசிங்க. ஊர் வாசல்தான் அன்னைக்கு நியாயஸ்தலம். அங்க லஞ்சம், ஏழைகிட்டத் தானியம் பிடுங்குறது. பலி கொண்டுவந்த கையும் அதே கைதான். அசனப் பண்டிகைக்கு (சபையாக் கூடிச் சாப்பிடுற விழா) நடுவுல இதை வாசிச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சாலே தொனி புரியும்.

நீதி வற்றாத நதி போலப் புரண்டு வரட்டும்ங்கிற 24ஆம் வசனத்துக்குப் புவியியல் ரெண்டு வரி போடுங்க. அந்த நாட்டு ஓடைகள் பெரும்பாலும் மழைக்கு மட்டும் ஓடும், நம்ம கருமேனியாறு மாதிரி. வற்றாத ஆறு அங்க அபூர்வம். தாமிரபரணிக் கரையில இருக்கறவங்களுக்கு அந்த வலு சட்டுனு உறைக்காது.

தேரிக்காடு:
ஜனங்க சுமந்த விக்கிரகங்களைச் சொல்ற 26ஐ விட்டுடாதீங்க, கடினம்னு தாண்டினா தெரிஞ்சிரும். அப்போஸ்தலர் நடபடிகள் 7:43 இதே பகுதியை எடுக்கும்போது தமஸ்குவுக்குப் பதிலா பாபிலோன் வந்திருக்கும். அதை ஆமோஸுக்குள்ள ஏத்தி விளக்காதீங்க. ‘பிற்கால வாசிப்பு’ன்னு தனித் தலைப்பு போட்டு, கடைசியில 150 வார்த்தை போதும்.