ஜெபத்தில் மௌனம் மட்டுமே மிஞ்சும்போது, ‘உன்னைக் கைவிடுவதுமில்லை’ என்பதற்கு என்ன பொருள்?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் தகப்பனார் படுக்கையில் இருந்த ஏழு மாதங்களும் அவருடைய கட்டிலருகே முழங்கால் படியிட்டு ஜெபித்தேன். அவர் மறைந்த பிறகு ஜெபிக்க அமர்ந்தால், சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. ‘சகல நாட்களிலும் நான் உங்களுடனேகூட இருக்கிறேன்’ என்று மத்தேயு 28:20 சொல்கிறது. எனக்கோ அவர் உடனிருக்கும் அந்தச் சமுகம் தெரியவில்லை. நான் இரட்சிப்பையே இழந்துவிட்டேனோ?

பதில் 1:
சகோதரரே, நீங்கள் தலைப்பில் எழுதிய வசனம் எபிரெயர் 13:5: ‘நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை.’ கிரேக்க மூலத்தில் அந்தச் சிறிய வாக்கியத்துக்குள் மறுப்புச் சொல் ஐந்து முறை அடுக்கி வருகிறது. தமிழில் இரண்டு ‘இல்லை’களோடு முடிந்துவிடுவதால் அதன் அழுத்தம் நம் காதில் விழுவதில்லை. விலகாதவரும் கைவிடாதவரும் அவர்; உங்கள் உணர்வைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. இன்னொன்று, அதே வசனத்தின் முற்பகுதி பண ஆசையைப் பற்றியது. வாக்குத்தத்த அட்டைகளில் பிற்பாதியை மட்டும் அச்சிட்டுப் பழகியதால் அது நமக்கு மறந்தே போயிற்று.

பதில் 2:
இலக்கணத்தைக் கொண்டு மட்டும் இதை முடித்துவிட இயலாது. அதே நிருபத்தின் 6ஆம் அதிகாரம் மறுதலித்துப்போகிறவர்களைக் கடுமையாக எச்சரிக்கிறது. மெய்யான விசுவாசிகள் முடிவுவரை காக்கப்படுவார்கள் என்று 1618-19இல் நெதர்லாந்தில் கூடிய சீர்திருத்த சபைகளின் தோர்ட் சங்கம் அறிக்கையிட்டது. பெற்ற கிருபையை இழக்கக்கூடும் என்று கத்தோலிக்கரும், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் வழிவந்தவர்களும் போதிக்கிறார்கள். நான் இரண்டாம் தரப்பைச் சேர்ந்தவன். ஆயினும் தோர்ட் அறிக்கையே, விசுவாசிகள் இந்த நிச்சயத்தை எப்போதும் முழுமையாக உணர்வதில்லை என்று ஒப்புக்கொள்கிறது. எங்கள் தரப்பிலும், விசுவாசத்தை உதறுவது வேறு, துக்கத்தில் ஜெபம் வறண்டுபோவது வேறு. மறுதலித்தவன் இப்படிப் பயந்துகொண்டு கேள்வி கேட்க வரமாட்டான்.

பதில் 3:
88ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. ஏன் உமது முகத்தை எனக்கு மறைக்கிறீர் என்று கேட்கிறவனுக்குப் பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அவன் முதல் வரியிலேயே கர்த்தரை ‘என் இரட்சிப்பின் தேவன்’ என்று அழைக்கிறான். இரவும் பகலும் கூப்பிடுகிறேன் என்கிறான். ‘என்’ என்ற அந்த உரிமையை அவன் உணர்விலிருந்து பெற்றதாக எனக்குத் தோன்றவில்லை. துணை என்றால் ஆறுதலான உணர்வு என்று யார் நமக்குக் கற்பித்தார்களோ தெரியவில்லை. அந்தப் பாடம் அரைகுறையானது.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றி. 88ஆம் சங்கீதத்தை இன்று காலையில் சத்தமாக வாசித்தேன். கடைசி வசனத்துக்குப் பின் ஆமென் சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் வழக்கத்தைவிட நெடுநேரம் முழங்காலில் இருந்தேன். தோர்ட் அறிக்கையின் அந்தப் பகுதி தமிழில் கிடைக்குமா, ஐயா?