சிறு கிரேக்க நகரங்கள் வெண்கலக் காசு அடித்தது எதற்காக?

கேள்வி: துரோய் வட்டாரத்தில் (இன்றைய துருக்கியின் வடமேற்கு மூலை) ஸ்கெப்ஸிஸ், கெப்ரென் போன்ற சிறு நகரங்கள்கூடக் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தம் பெயரில் வெண்கலக் காசுகளை வெளியிட்டுள்ளன. எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் செல்லாத காசுக்கு இவ்வளவு மெனக்கெடல் ஏன்?

பதில் 1: சில்லறைத் தேவையே முதல் காரணம். ஏதென்ஸ் எடைமுறையில் ஒரு வெள்ளி ஒபோல் (கிரேக்கரின் சிறு காசு) ஏறத்தாழ 0.7 கிராம்தான், அதில் எட்டில் ஒரு பங்கு 0.1 கிராமுக்கும் குறைவு என்பதால், விரலிடுக்கில் நழுவினால் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. சிசிலியிலும் தென் இத்தாலியிலும் கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே வெண்கலம் புழங்கத் தொடங்கிவிட்டது.

பதில் 2: அது பாதி விடைதான். கி.மு. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செஸ்டோஸ் நகரம் மேனாஸ் என்பவரைப் பாராட்டிப் பொறித்த கல்வெட்டு, சொந்த வெண்கலக் காசை வெளியிட இரு காரணங்களை வெளிப்படையாகவே கூறுகிறது: நகரத்தின் முத்திரை புழக்கத்தில் இருக்க வேண்டும், அதனால் வரும் ஆதாயம் மக்களுக்குச் சேர வேண்டும். உலோகத்தின் விலையைவிடக் காசின் மதிப்பு கூடுதலாக இருந்ததால், அந்த வித்தியாசம் நகரத்தின் கருவூலத்துக்குப் போனது. எல்லைக்கு வெளியே செல்லாமை இங்கே குறையன்று. மதிப்புக்கு உறுதியளித்த நகரத்தின் அதிகாரம் அந்த எல்லை வரைதானே!

கேள்வி கேட்டவர்: தேய்ந்த காசை எந்த நகரத்தினுடையது என்று எப்படி அடையாளம் காண்பது?

பதில் 2: பெயரின் முதல் எழுத்துகளும் சின்னமுமே துணை. ஒருபுறம் சிறகுக் குதிரையின் முன்னுடலும் மறுபுறம் ஊசியிலை மரமும் தெரிந்தால், அது பெரும்பாலும் ஸ்கெப்ஸிஸ். செம்மறிக் கிடாயின் தலை என்றால் கெப்ரெனை முதலில் பாருங்கள். கிடைத்த இடம் தெரிந்திருந்தால், இத்தகைய காசு தொலைதூரம் பயணிப்பது அரிது என்பதால், அதுவே நல்ல சான்று.