பீட்: கரியும் வேண்டாம், அறுவடையும் வேண்டாம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சதுப்பில் முழுக்க மட்காமல் சேர்ந்து, நாற்று வளர்க்கவும் பயன்படுகிற 'peat'-க்கும், அதை எடுக்கும் 'peat harvesting'-க்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம். குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> பீட் என்பதற்கு 'முற்றா நிலக்கரி' இருக்கிறதே, புதிதாக எதற்கு? அதை எடுப்பது 'பீட் அறுவடை'. அவ்வளவுதானே!

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன் ஐயா. போன மாதம் ஒரு நாற்றங்கால் கையேட்டை மொழிபெயர்த்தபோது 'பீட் அறுவடை' என்றே போட்டுவிட்டு, ஊரில் குழித்தட்டு நாற்று போடுகிற என் சித்தப்பாவிடம் படித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "இது எத்தனை மாசப் பயிர்?"

முதலில் கரியை முடித்துவிடுகிறேன். பீட், லிக்னைட், பிட்டுமினஸ், ஆந்த்ரசைட் என்று ஒரே மூச்சில் ஒப்பித்து வளர்ந்ததால் நமக்குப் பீட் என்றாலே நிலக்கரியின் குழந்தைப் பருவம். எரிக்கிறவர்களுக்கு அது பொருந்தும். அயர்லாந்தில் அடுப்புக்கு வெட்டி எடுப்பதை 'டர்ஃப்' என்கிறார்கள், தோட்டத்துக்குப் போனால் அதுவே பீட். பொருள் ஒன்று, புழங்கும் இடத்தால் பேர் இரண்டு. நாம் பேசுவது பூந்தொட்டியும் காளான் கொட்டகையும். அங்கே போய் 'முற்றா நிலக்கரியை ஈரப்படுத்தி விதையை ஊன்றவும்' என்று எழுதினால் யார் ஊன்றுவார்கள்?

குளிர்நாட்டுச் சதுப்பில் ஸ்பேக்னம் பாசி மேலே வளர வளர அடிப்பக்கம் செத்து நீரில் அமிழ்கிறது. உள்ளே காற்று இல்லை, தண்ணீரோ புளிப்பு, அதனால் முழுக்க மட்காமல் நார் நாராகவே கிடக்கிறது. 1950-இல் டென்மார்க்கில் பீட் வெட்டப் போனவர்கள் ஒரு ஆண் உடலைக் கண்டு, அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துப் போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்கள். டோலுண்ட் மனிதர் என்று இன்று அருங்காட்சியகத்தில் இருக்கும் அவர் இறந்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது, தாடையில் முள்தாடிகூட அப்படியே இருந்தது. புளிப்பில் ஊறினால் கெடாது என்பது நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கும் தெரியும். ஆகவே என் முன்மொழிவு ஊறுமட்கு. ஊறுகாய் மாதிரியே வினைத்தொகை. (பேச்சுவழக்கை ஒட்டி 'ஊறுமக்கு' என்று வைக்கலாமே என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்த பையன் நினைவுக்கு வருகிறான், வேண்டாம்.)

இனி அறுவடை, எனக்கு உறுத்துவது இதுதான். கனடாவில் எடுக்கும் முறையைப் பாருங்கள். சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்கிறார்கள், மேலே இருக்கும் உயிர்ப்பாசியை அகற்றுகிறார்கள், மேற்பரப்பை லேசாகக் கிளறி இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவிடுகிறார்கள், பிறகு டிராக்டர் இழுக்கும் ராட்சத உறிஞ்சி வந்து காய்ந்த மெல்லிய அடுக்கை மட்டும் இழுத்துக்கொண்டு போகிறது. மறுபடி கிளறல், மறுபடி வெயில். நடுவில் மழை பெய்தால் வேலை நின்றுவிடும், கோடை முழுக்க மழை என்றால் அந்த வருட வியாபாரமே படுத்துவிடும். படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது தூத்துக்குடி உப்பளம்தான். அங்கே யாரும் உப்பை அறுவடை செய்வதில்லை, *வாருகிறார்கள்*. ஆகவே ஊறுமட்கு வாரல்.

ஊறுமட்கு ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் சேர்ந்தாலே பெரிது. 1 சென்டிமீட்டருக்குப் பத்து வருடம். ஒரு கோடையில் வாரி எடுப்பதோ பல சென்டிமீட்டர். அடுத்த போகம் உண்டு என்றால்தானே அறுவடை? ஏரியில் வண்டல் எடுப்பதை நம் ஊரில் வண்டல் அறுவடை என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

> அப்படியானால் 'பீட் சுரண்டல்' என்றே வைக்கலாமே. செயலும் வரும், கண்டனமும் வரும்.

அதனாலேயே வேண்டாம் என்கிறேன் அம்மா. கலைச்சொல் தீர்ப்பு எழுதக் கூடாது. கனடாவில் ஊறுமட்கு நிலம் 11 கோடி ஹெக்டேருக்கு மேல், அதில் தோட்டக்கலைக்காகத் தொட்டது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எடுப்பதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போகிறது. அங்கே நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தின் லமெக், ஷிப்பகன் ஊர்கள் பக்கம் மீனுக்கு அடுத்து இதுதான் பிழைப்பு, லமெக்கில் இதற்கென்றே திருவிழா எடுக்கிறார்கள். வாரி முடித்த நிலத்தில் வாய்க்காலை அடைத்து, வேறு சதுப்பிலிருந்து பாசியின் மேலடுக்கைக் கொண்டுவந்து தூவி, வைக்கோல் மூடி மறுபடி வளர்க்கும் முறையை கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தார் உருவாக்கியிருக்கிறார்கள். பாசி சில வருடங்களில் வந்துவிடும். கீழே இருந்த ஆழம் வராது. உலக நிலப்பரப்பில் வெறும் 3 சதவீதமுள்ள இந்த நிலங்கள் எல்லாக் காடுகளையும்விட அதிகக் கார்பனைப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதையும் மறக்கவில்லை. இரண்டு பக்கத்தாரும் ஒரே சொல்லை வைத்துச் சண்டை போட முடிய வேண்டும்.

அயர்லாந்துக் கதையை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது, சொல்லுங்கள். 2019-இல் அங்கே உயர்நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்து, பெரிய அளவில் வாருவதற்கு அனுமதி நடைமுறை கடுமையானது. அரசு நிறுவனமான போர்டு நா மோனா 2021 ஜனவரியில் வாருவதையே நிறுத்தியது. அங்கத்திய காளான் பண்ணைகளுக்கோ கம்போஸ்ட் மேல் பரப்ப இது இல்லாமல் ஆகாது. அதே ஆண்டு செப்டம்பரில் லாட்வியாவிலிருந்து 3,600 டன் கப்பலில் வந்து இறங்கியது! தன் சதுப்பைக் காப்பாற்றி அடுத்தவன் சதுப்பை வாங்கியாயிற்று. வாருகிற இடம் மாறியது, வாரல் நிற்கவில்லை.

போகிற போக்கில் இன்னொன்று. பொள்ளாச்சியிலிருந்து பீட்டுக்கு மாற்றாக ஏற்றுமதியாகும் 'கோகோ பீட்' பீட்டே இல்லை, தேங்காய் மட்டையிலிருந்து நாரை உரிக்கும்போது உதிரும் தூள். 5 கிலோ கட்டி ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு டீ குடித்து வருவதற்குள் அது வாளியை மீறிப் பொங்கி நிற்கும். உப்பைக் கழுவி எடுத்தால்தான் நாற்றுக்கு ஆகும். அதை 'தேங்காய் ஊறுமட்கு' ஆக்கிவிடாதீர்கள். மலையாளத்தில் சகிரிச்சோறு என்று அழகாகச் சொல்கிறார்கள். மரத்தின் உள்ளீட்டைச் சோறு என்பது நம் பழைய சொல்தான், சோற்றுக்கற்றாழையில் இன்னும் இருக்கிறது. நார்ச்சோறு போதும்.

> ஊறு என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே?

உண்டு. ஊறுகாய் ஜாடியைத் திறக்கும்போது உங்களுக்கு அது தோன்றியிருக்கிறதா? எனக்கு உண்மையான தயக்கம் வேறு: மட்கு என்றதும் உரம் என்று எண்ணிவிடுவார்கள், இதிலோ சத்து ஏறக்குறைய கிடையாது, தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் வேலை. சித்தப்பாவிடம் மறுபடி கேட்டேன். "பேரு சரி, ஆனா உரம் இல்லைன்னு பக்கத்திலேயே போட்டுடு" என்றார். போட்டுவிட்டேன்.

ஞாயிறு இரவு பட்டியலில் ஏற்றுகிறேன். உப்பளத்துக்காரர்கள் யாராவது குழுவில் இருந்தால் 'வாரல்' சரிதானா, 'வாருதல்' என்று விட்டுவிடலாமா என்று அதற்குள் ஒரு வரி எழுதுங்கள்.