பேலி பாலம்: 'முன்வார்ப்புப் பாலம்' சரியா?

புதுவை, லாசுப்பேட்டை:
கலைச்சொல் வரைவில், சட்டங்களாகக் கொண்டுவந்து பூட்டிக் கட்டும் பேலி வகைப் பாலங்களுக்கு 'முன்வார்ப்புப் பாலம்' என்று இருக்கிறது. இதையே வைத்துக்கொள்ளலாமா?

கடலூர், மஞ்சக்குப்பம்:
வேண்டாம் ஐயா. முன்வார்ப்பு என்றால் கான்கிரீட்தான் நினைவுக்கு வரும். இது முழுக்க எஃகுச் சட்டம். ஒரு சட்டம் 10 அடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ. ஆறு பேர் தூக்கலாம். கிரேன் இல்லாமல் போட முடியவேண்டும், 3 டன் லாரியில் ஏறவேண்டும் என்பதே இதை வடிவமைத்த பிரிட்டன் பொறியாளர் டொனால்ட் பேலியின் கணக்கு. சட்டத்தின் ஒரு முனை நாக்கு, மறுமுனை தாடை. நாக்கைத் தாடைக்குள் விட்டு ஊசி (பின்) அடித்தால் பூட்டிக்கொள்ளும். நாக்குகள் எல்லாம் எதிர்க்கரையைப் பார்க்கவேண்டும். ஒன்றைத் திருப்பி வைத்தாலும் அடுத்தது சேராது. 'பூட்டுச்சட்டப் பாலம்' என்பேன்.

லாசுப்பேட்டை:
'ராணுவத் தற்காலிகப் பாலம்' இன்னும் எளிதில்லையா? மிதவைப் பாலத்திலிருந்தும் வேறுபடுத்தும்.

மஞ்சக்குப்பம்:
வேறுபடுத்தாது. 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில், சிண்ட்வின் (Chindwin) ஆற்றில் போட்ட 1,154 அடிப் பாலம் இதே சட்டங்களை மிதவைகள்மேல் ஏற்றிக் கட்டியதுதான். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் பின்வாங்கிய ஜெர்மானியர் பாலங்களைத் தகர்த்துக்கொண்டே போனார்கள்; பாலச் சாமான் வந்துசேராமல் நேசப்படை டாங்கி நகராது. ராணுவத்தோடு நின்றதா என்றால் அதுவுமில்லை. 2024இல் வயநாட்டுச் சூரல்மலையில் மெட்ராஸ் சாப்பர்கள் (ராணுவப் பொறியாளர் படை) 190 அடிக்குப் போட்டது நிலச்சரிவுக்காக.

நெல்லிக்குப்பம்:
பூட்டுச்சட்டம் எனக்குச் சம்மதம். ஆனால் 'லாஞ்சிங் நோஸ்' பக்கத்தில் 'ஏவுமூக்கு' என்று கிடக்கிறதே, ராக்கெட்டா விடுகிறோம்? 'தள்ளுமூக்கு' போதும். தளம் போடாத வெறும் சட்டக்கூடு அது; பாலத்துக்கு முன்னால் பூட்டி, உருளைகள்மேல் வைத்து முழுவதையும் தள்ளுகிறோம். மூக்கு அக்கரை உருளையைத் தொடும்வரை எடைமையம் இக்கரை உருளைக்குப் பின்னாலேயே இருக்கவேண்டும். முந்தினால் பாலம் குப்புற ஆற்றில் விழும். ஊசித்துளைகளின் தளர்வாலும் சொந்த எடையாலும் மூக்கு நுனி தொங்கும்; அதை நிமிர்த்தக் கீழ்ச்சட்ட இணைப்பில் லிங்க் (இணைப்புத் துண்டு) செருகுவார்கள். அதற்கு 'நிமிர்த்துக்கண்ணி'. கெடில ஆற்றுக் கரை மாதிரி மணலென்றால் உருளைக்கடியில் மரக்கட்டை அடுக்கு அகலமாக வேண்டும். ஒரு பக்கம் புதைந்தால் பாலம் கோணிக்கொள்ளும்.

மஞ்சக்குப்பம்:
தள்ளுமூக்கு நன்று. பாலத்தின் அமைப்பைச் சொல்லும் 'டபுள் சிங்கிள்' என்பதை 'இரட்டை ஒற்றை' என்று எழுதினால் எது எதென்று யாருக்கும் விளங்காது. முதல் சொல் பாலத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை வரிசைச் சட்டம், இரண்டாவது மேலே மேலே எத்தனை அடுக்கு. 'இருவரி ஓரடுக்கு' என்று போடுங்கள்.

லாசுப்பேட்டை:
மாற்றிவிட்டேன். பேலி பெயரையும் பக்கத்தில் விட்டுவைக்கிறேன். ஸ்டோர் பதிவேட்டில் தேடுகிறவர் அந்தப் பெயரில்தான் தேடுவார்.