புதுப்பிப்பு: ராம்ஸ்டைன் வந்து மூன்று மாதம்

கணவருக்கு டெக்சாஸிலிருந்து ஜெர்மனியில் உள்ள அமெரிக்காவின் ராம்ஸ்டைன் விமானப்படைத் தளத்துக்கு மாற்றல், என்னென்ன கொண்டுபோகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தளத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் வீடு கிடைத்தது. நீங்கள் எச்சரித்தபடியே அடுப்பு, அலமாரி எதுவும் இல்லை. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒயர் மட்டும்தான் தொங்கியது. எல்லாம் நாங்களே வாங்கிப் பொருத்தினோம். ஆனால் அம்மா கொடுத்த மிக்ஸிக்கு நல்ல காலம்! அமெரிக்காவில் 120 வோல்ட், டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓடாது. இங்கே 230 வோல்ட், நம் ஊர் போலவே. பிளக் அடாப்டர் போதும், தினமும் தேங்காய்ச் சட்னிதான்.

ஞாயிறு கடைகள் மூடல், அது பழகிவிட்டது. காலி பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் திரும்பக் கிடைப்பதால் பெரியவன் உற்சாகமாகச் சேர்க்கிறான். சின்னவள்தான் பழைய தோழியை நினைத்து இரவில் அழுகிறாள். இதைக் கடந்து வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.